ஊசி பிடிக்கக் கற்றோம்

இவ்வாண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் எங்கள் மகள் உடுத்தி வந்த அரக்கு நிறத் தாவணியைக் கண்டு, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று சகோதரிகள் பலர் அன்புடன் விசாரித்தனர். கடையில் வாங்கியதன்று என்று மட்டும் சொல்லிவிட்டு, பந்திக்கு நேரமாகிவிட்டதைக் காரணம் காட்டி நாங்கள் நழுவிவிட்டோம். உண்மையில் அத்தாவணியின் வரலாறு பந்திக்கு முன் சொல்லி முடிக்கக் கூடியதன்று. எங்கள் அறியாமையும், ஒரு முதியவரின் பொறுமையும், அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவரின் ஆசிரியப் பணியும் அதில் அடங்கியுள்ளன. விசாரித்தவர்களுக்கு விடையாகவும், எங்களைப் போலவே ஊசி பிடிக்கத் தெரியாமல் குடித்தனம் நடத்தும் அன்பர்களுக்குப் பயனாகவும் இருக்கட்டும் என்று அதனை இங்கு எழுதுகிறோம்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இல்லை. நாங்களும் அறிவோம், குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்கள் இல்லத்தில் எந்த ஆடையும் கந்தையாகும் வரை தங்கியதில்லை. பொத்தான் அறுந்த சட்டை அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்ச் சேரும். கரை பிரிந்த புடவை அதன் மேல் ஏறும். சில திங்கள் கழித்துத் தெருவில் பாத்திரக்காரியின் குரல் கேட்டதும் அடித்தட்டு முழுவதும் மூட்டையாகி, அதற்கு ஈடாக ஓர் எவர்சில்வர் கிண்ணம் வீட்டுக்கு வரும். எங்கள் சமையலறையில் இன்றும் அத்தகைய கிண்ணங்கள் பதினொன்று இருக்கின்றன. அவற்றுள் சில, ஒரு பொத்தானைத் தைக்கச் சோம்பியதற்கு நாங்கள் பெற்ற பரிசுகள் என்பதை இப்போது உணர்கிறோம்.

ஊரில் இருந்த காலத்தில் இந்தக் குறை தெரியவில்லை. கடைத்தெருத் திண்ணையில் தையற்காரர் இருந்தார். கிழிந்ததைக் கொண்டு போய்ப் போட்டால் மாலைக்குள் தைத்துக் கொடுப்பார். கஞ்சி போடவும் நீலம் போடவும் வெளுப்பவர் இருந்தார். கொல்கத்தாவுக்கு வந்த பின் புதிய துணி தைக்கும் கடைகளைக் கண்டோம். ஆனால் ஒரு சாண் கிழிசலை எடுத்துச் சென்றால், "இதற்குப் புதிதே வாங்கிவிடலாமே!" என்று சிரித்தனர். அவர்கள் சொன்னதையே நாங்களும் அறிவுரையாக ஏற்றுக்கொண்டோம். புதிது வாங்க முடியாத பொருளும் ஒரு வீட்டில் இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

அத்தகைய பொருள் எங்கள் வீட்டிலேயே இருந்தது. 2010-ஆம் ஆண்டில் அப்பா காலமானார். அடுத்த ஆண்டு அம்மா எங்களுடன் தங்குவதற்குக் கொல்கத்தா வந்தார்கள். (எங்களுள் ஒருவரைப் பெற்றவர் அவர், மற்றவருக்கு மாமியார். யாருக்கு யார் என்பது இக்கட்டுரைக்கு வேண்டா. இருவருக்குமே அவர் அம்மாதான்.) வந்தபோது ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார்கள். அதில் இருந்தவை அப்பாவின் பழைய வேட்டிகள் நான்கும், 1966-ஆம் ஆண்டில் தம் திருமணத்துக்காகக் காஞ்சிபுரத்தில் எடுத்த முகூர்த்தப் பட்டும். அரக்கு நிற உடல். மயில்கழுத்து நிறக் கரை. சாண் அகல ஜரிகை. "இதைப் பத்திரமாக வை. பேத்தி பெரியவளானால் உடுத்தட்டும்" என்று சொல்லி அம்மா அதை எங்கள் கையில் ஒப்படைத்தார்கள்.

நாங்களும் பத்திரமாகவே வைத்தோம். அதுதான் கெடுதி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, உள்ளே நான்கு நாப்தலீன் உருண்டைகளையும் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினோம். பூட்டியதை மறந்தும் போனோம். மூன்றாண்டுகளுக்கு முன், பேத்திக்கு உடுத்திப் பார்க்கலாம் என்று அம்மாவே கேட்க, உறையைத் திறந்தோம். ஜரிகை கறுத்திருந்தது. விரித்துத் தூக்கியபோது, மடிப்பு விழுந்த இடங்களில் ஐந்தில் பட்டு, ஓசையே இல்லாமல், காய்ந்த வாழைச் சருகு போலப் பிளந்தது.

அம்மா எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிளந்த இடத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்கள். "பழையதுதானே, போகட்டும்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். ஏசியிருந்தால் எங்கள் மனம் ஆறியிருக்கும்.

அன்று இரவே பரிகாரம் தேட முற்பட்டோம். பல்பொருள் அங்காடியிலிருந்து ஒரு தையற்பெட்டி வாங்கி வந்தோம். அதிலிருந்த பாலியெஸ்டர் நூலில் சிவப்பாகத் தோன்றியதை எடுத்து, பிளவின் இரு விளிம்புகளையும் சேர்த்து இழுத்து, நெருக்கமாகத் தைத்தோம். தையல் உறுதியாகவே இருந்தது. ஆனால் காலையில் பார்த்தபோது, தையலுக்கு அரை விரற்கடைக்கு அப்பால், தையலுக்கு இணையாகவே புதிதாக ஒரு பிளவு தோன்றியிருந்தது. ஐந்து பிளவு ஆறாயிற்று. அதன் பின் ஊசியை மூடி வைத்துவிட்டு, வெட்கத்தை விட்டு, மாடி வீட்டு மாஷிமாவிடம் சென்றோம்.

வங்காளத்தில் அயலகத்து மூத்த பெண்மணியரை மாஷிமா என்றழைப்பர். நாம் பெரியம்மா, சித்தி என்று முறை வைத்து அழைப்பது போன்றது. எங்கள் மாஷிமா ஓய்வு பெற்ற பள்ளியாசிரியை, எழுபத்தாறு வயதினர். புடவையைப் பார்த்தார், எங்கள் தையலைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களையும் பார்த்தார். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: பழைய துணிக்குப் புதிய நூலின் வலிமை ஆகாது. தைக்கும் நூல் துணியை விட வலுவாயிருந்தால், இழுவை வரும்போது நூல் அறாது, துணிதான் அறும். கிழிந்த இடத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தையல் வராது. அதைச் சுற்றியுள்ள நல்ல இடம் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பவருக்கே வரும். "பட்டைத் தொடாதீர்கள். தலையணை உறையில் தொடங்குங்கள்" என்று சொல்லி அவர் எங்களைத் திருப்பி அனுப்பினார்.

இவ்வாறு, ஐம்பது வயதைக் கடந்த பின், நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் மாலையில் மாணவர்களானோம். முதலில் கற்றது நூலின் நீளம். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உள்ள அளவே போதும். அதனினும் நீண்டால் சிக்கு விழும், நூலும் தேயும். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பி நீள நூல் எடுப்பவர், சிக்கெடுப்பதிலேயே அப்பொழுதைச் செலவிடுவர். பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே ஏற்றது. மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி வேண்டும். பருத்த ஊசி இழைகளை விலக்காமல் அறுத்துவிடும்.

அடுத்தது பொத்தான். எளிது என்று எண்ணினோம். நாங்கள் தைத்த முதற்பொத்தான் துணியோடு ஒட்டிக் கிடந்து, காஜாவுக்குள் நுழைய மறுத்தது. பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியைக் கிடத்தி, அதன் மீதாகவே நூலை ஓட்டித் தைத்து, முடிவில் குச்சியை உருவிவிட்டால் நூல் சற்றுத் தளர்ந்து நிற்கும். பொத்தானை மேலே தூக்கி, அடியிலுள்ள நூலைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றி முடிந்தால் சிறு காம்பு ஒன்று அமையும். அந்தக் காம்புதான் பொத்தானுக்கு உயிர். கனத்த சட்டையாயின், துணியின் உட்புறத்தில் ஒரு சிறு பொத்தானையும் சேர்த்துத் தைத்துவிட்டால் இழுவை துணியின் மேல் நேரே விழாது.

மூன்றாவது, ஒட்டுப்போடுதல். ஒட்டுத்துணி கிழிசலை விட எல்லாப் பக்கமும் ஓரங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். அதன் இழைகள் மூலத்துணியின் இழைகள் ஓடும் திசையிலேயே ஓட வேண்டும். புதிய பருத்தித் துணியை ஒட்டாக வைப்பதானால், முன்னதாக நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிடில் முதற்சலவையில் ஒட்டு சுருங்கி, நல்ல துணியையும் இழுத்துச் சுருக்கிவிடும். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர்களும் இதனை நினைவில் வைக்க வேண்டும். தைத்த ஃபால்ஸ் சுருங்கிப் புடவை அடிப்புறம் கோணிக்கொள்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

நான்காவதுதான் இழையோட்டம். இங்கே இதனை ரஃபூ என்பார்கள். ஓட்டையை மூடுவதற்கு விளிம்புகளை இழுத்துச் சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்த்தால் முடிச்சுப் போன்று திரண்டு நிற்கும். ஓட்டைக்கு வெளியே, நல்ல துணியில் அரை அங்குலம் முன்னதாகவே தொடங்கி, ஒரு திசையில் பாவு போல நூல்களை அருகருகே ஓட்ட வேண்டும். திரும்பும் இடங்களில் நூலைச் சிறிது தளர விட வேண்டும். சலவையில் நூல் சுருங்கினால் அத்தளர்ச்சி ஈடு கொடுக்கும். பிறகு குறுக்கே ஊடை போல ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழும் நுழைத்து வர வேண்டும். உண்மையில் இது தையலன்று, சின்னஞ்சிறு நெசவு. எங்கள் முதல் இழையோட்டம், மகளின் பள்ளிக் காலுறையில் நிகழ்ந்தது. அது சிலந்தி வலை போலவே இருந்தது. ஆயினும் அக்காலுறை மேலும் ஓராண்டு உழைத்தது.

இத்துடன் மாஷிமா ஒரு விதியையும் சொன்னார். கிழிந்த துணியை வெளுத்த பின் தைப்பதற்கில்லை; தைத்த பின்பே வெளுக்க வேண்டும். விரலளவு பிளவு, சலவை இயந்திரத்தில் சுழன்று வெளிவரும்போது சாண் அளவாகிவிடும். எங்கள் வீட்டு அழுக்குக் கூடைக்கு அருகில் இப்போது ஒரு சிறு பை தொங்குகிறது. கிழிந்தவையும் பொத்தான் ஆடுபவையும் கூடைக்குப் போகாமல் அந்தப் பைக்குப் போகின்றன.

ஒரு நாள் மாஷிமா தம் கட்டிலில் விரித்திருந்த போர்வை ஒன்றைக் காட்டினார். வெண்ணிறப் பழம்புடவைகள் மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பரப்பு முழுவதும் நுண்ணிய ஓட்டுத் தையலால் பிணைத்தது. நடுவே ஒரு தாமரை. நான்கு மூலையிலும் மாங்காய் வடிவங்கள். பூக்களுக்குரிய வண்ண நூலைக் கூடக் கடையில் வாங்காமல், பழம்புடவைகளின் கரையிலிருந்து உருவி எடுப்பது பண்டைய வழக்கமாம். இதுவே வங்காளத்தின் புகழ்பெற்ற காந்தா. குருசதய தத்தர் (1882–1941) வங்காளக் கிராமங்களில் அலைந்து திரட்டிய நாட்டுக்கலைப் பொருள்களில் இத்தகைய காந்தாக்களும் இடம்பெற்றுள்ளன. கந்தலிலிருந்து பிறந்த ஒன்று காட்சிசாலைக்கு உரியதாயிற்று.

அதன் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. வடமொழியில் 'கந்தா' என்பது ஒட்டுப்போட்டுத் தைத்த கந்தல் ஆடையைக் குறிக்கும் சொல். நம் 'கந்தை'யும் இவர்களுடைய 'காந்தா'வும் அதனோடு தொடர்புடையவை. சொல் ஒன்றே, நாங்கள் அதை இகழ்ச்சியாகவே பயன்படுத்தி வந்தோம். ஆயினும், தமிழ்நாட்டுத் தாய்மார்களும் இவ்வகையில் குறைந்தவர்கள் அல்லர். பழம்புடவைதான் நம் எல்லோருக்கும் முதல் தூளி. அதன் மென்மை புதுத்துணிக்கு வாராது என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அதை மறந்து, பாத்திரக்காரியின் கிண்ணத்துக்குக் கை நீட்டியவர்கள் நாங்களே.

தைப்பதைக் கற்கும்போதே, கிழியாமல் காப்பதையும் கற்றோம். அம்மாவின் பட்டு எதனால் கெட்டது என்று அறிய வேண்டியிருந்தது. மாஷிமா சொன்னவற்றையும், ஊருக்குச் சென்றபோது காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் சொன்னவற்றையும் சேர்த்து எழுதுகிறோம். பட்டு ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக் கூடாது. மடிப்பின் முனையில் இழை நலிந்து முறியும். ஜரிகையின் கனமும் சேர்ந்தால் விரைவில் முறியும். ஆகவே மூன்று நான்கு திங்களுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை இடம் மாற்றி மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே நிறுத்தும். வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது. நல்ல ஜரிகை என்பது வெள்ளிக் கம்பி சுற்றிய பட்டிழையின் மேல் பொன்முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி தன் இயல்புப்படி காற்றால் கறுக்கும். நாப்தலீன் உருண்டை ஜரிகையில் படவே கூடாது. அதன் ஆவி காற்றினும் கனமானது; ஆதலால், போடுவதாயின் துணியில் முடிந்து மேற்புறத்தில் தொங்கவிட வேண்டும். கைக்குழந்தைகளின் துணிகளோடு அதனை வைக்கவே கூடாது. சில குழந்தைகளின் குருதிக்கு அந்த ஆவி பெருந்தீங்கு செய்யும்.

பருத்திப் புடவைகளுக்கு வேறோர் எச்சரிக்கை. கஞ்சி போட்டுத் தேய்த்த புடவையை அப்படியே நெடுநாள் அடுக்கி வைத்தால், கஞ்சியின் மாவை உண்ண வெள்ளிப்பூச்சி வரும். மாவோடு துணியையும் அரிக்கும். நெடுநாள் வைக்கும் துணியைக் கஞ்சி நீங்க அலசி உலர்த்தியே வைக்க வேண்டும். கம்பளி ஆடையை வேர்வையும் கறையும் போகத் துவைத்த பின்பே பெட்டியில் இட வேண்டும்; அந்துப்பூச்சியின் புழு அழுக்குப் பட்ட இடத்தையே முதலில் நாடும். குருதிக் கறைக்கும் பால் கறைக்கும் தண்ணீரே முதல் மருந்து; வெந்நீர் பட்டால் கறை இழையில் உறைந்துவிடும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும்; அஞ்ச வேண்டா. நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினால், வெண்துணியில் இரண்டு மூன்று நாளில் சூரியனே அதை வெளுத்துவிடுவான்.

கொல்கத்தாவின் மழைக்காலத்தைப் பற்றி இங்குள்ள அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்தால் பூஞ்சணத்தின் வாடை வீசும். இதற்கு இவ்வூரார் கண்ட வழி பாத்ர மாதத்து வெயில். அம்மாதம் ஏறக்குறைய நம் ஆவணியோடு ஒத்து வருவது. மழை சற்று விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும் அந்நாட்களில், வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் போர்வைகளும் புடவைகளும் விரிக்கப்படும். பல ஆண்டுகள் அதைக் கண்டும், ஏதோ பண்டிகை வழக்கம் என்று எண்ணிக் கடந்து சென்றோம். இப்போது நாங்களும் விரிக்கிறோம். பட்டை மட்டும், நிறம் மங்காதிருக்க, நிழலில் காற்றாடப் போடுகிறோம்.

இவற்றையெல்லாம் கற்கும் நாளில் நாங்கள் பட்ட அவமானங்கள் பல. ஒரு வேட்டிக்கு நீலம் போடப் போய், அதை வானமாக்கிவிட்டோம். அந்நாளில் எங்களுக்கு ஆறுதல் தந்தவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, சலவைச் செலவைக் குறைக்க எண்ணி அவர் தாமே வெளுக்கக் கற்றார். முதன்முதல் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டையை அணிந்து நீதிமன்றம் சென்றபோது, மிகுதியான கஞ்சி உதிர்ந்து கொண்டேயிருக்க, உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர் என்று 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியுள்ளார். 1912-ஆம் ஆண்டில் கோகலே அங்கு சென்றார். ஜொகானஸ்பர்க் விருந்துக்கு அவர் அணிய வேண்டிய அங்கவஸ்திரம் கசங்கியிருந்தது. அது மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு அன்பளிப்பாகத் தந்தது. தாமே தேய்த்துத் தருவதாகக் காந்தியடிகள் சொன்னபோது, வழக்கறிஞர் என்ற வகையில் அவரை நம்பிய கோகலே, வெளுப்பவர் என்ற வகையில் நம்பத் தயங்கினார். எனினும் காந்தியடிகள் வற்புறுத்தித் தேய்த்துக் கொடுத்து, அவருடைய பாராட்டையும் பெற்றார். ஒருவர் உயிர் போலக் காக்கும் துணியை நம் கையில் வாங்குவது எளிய காரியமன்று என்பதை, அம்மாவின் பட்டைக் கெடுத்த எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓராண்டு கழிந்த பின் மாஷிமா, "இனி அந்தப் பட்டை எடுத்து வாருங்கள்" என்றார். மூவரும் விரித்து வைத்து ஆராய்ந்தோம். நடுப்பகுதி முழுவதும் நலிந்திருந்தது. எவ்வளவு நுணுக்கமாக இழையோட்டினாலும் கொசுவத்தின் இழுவையைத் தாங்காது. மடிப்புக்கு வெளியே இருந்த முந்தானைப் பக்கம் மட்டும் உறுதியாக இருந்தது. கரையும் உடலும் தனித்தனியே ஊடை கொண்டு கோர்வையில் பிணைந்திருந்ததால், கரையைப் பிரித்து வேறு உடலில் சேர்ப்பதும் இயலாதது. முந்தானைப் பக்கத்தில் இரண்டரை மீட்டரை வெட்டி எடுத்தால் ஒரு தாவணி தேறும். ஆனால் வெட்ட வேண்டுமே! ஒரு முறை கெடுத்துவிட்டோம். இப்போது அதே புடவையில் கத்தரிக்கோலை வைப்பதா? அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு வாரங்கள் தயங்கினோம்.

கடைசியில் ஒரு மாலையில் துணிந்து சொன்னோம். அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தோம். "பெட்டியில் கிடந்து கிழிவதை விட, குழந்தை உடுத்திக் கிழியட்டும்" என்று சொல்லித் தாமே முதல் வெட்டை வெட்டினார்கள். கரையிலுள்ள ஜரிகையை அறுக்கும்போது மட்டும் அவர்கள் கை சற்று நின்றது. எங்களுள் ஒருவர் அந்தப் பக்கம் பிடித்துக் கொடுத்தோம்.

எஞ்சிய பகுதியை எறிய மனம் வரவில்லை. தகரப் பெட்டியில் அப்பாவின் வேட்டிகள் நான்கு இருந்தன அல்லவா? ஒரு முறை பாத்திரக்காரியின் மூட்டைக்குச் செல்ல இருந்து தப்பியவை அவை. பல்லாண்டு துவைத்துத் துவைத்து அவை மல்லிகை இதழ் போல மென்மையாகியிருந்தன. நலிந்த பட்டை மேலே வைத்து, அடியில் இரு வேட்டிகளை அடுக்கி, அரக்கு நிறப் பருத்தி நூலால், இழுக்காமல், நெருக்கமான ஓட்டுத் தையலால் பிணைக்கத் தொடங்கினோம். பட்டின் பாரத்தை வேட்டி தாங்கிக்கொள்கிறது. இனி மேலே உள்ளது பிளந்தாலும் பிரிந்து போகாது. மாஷிமா வரிகளை வகுத்துக் கொடுத்தார். அம்மாவுக்கு வங்காளி தெரியாது. மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் இருவரும் போர்வையின் இரு பக்கத்திலும் அமர்ந்து, மணிக்கணக்கில் தைத்தார்கள். அவரவர் மொழியிலேயே பேசியும் கொண்டார்கள். எங்களை விட நன்றாக ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

இதுவே அத்தாவணியின் வரலாறு. அதில் ஓரிடத்தில், இடுப்பில் செருகும் பக்கமாக, எங்கள் கையால் செய்த இழையோட்டம் ஒன்று உண்டு. தேடினால் தெரியும், அதை மறைக்க நாங்கள் முயலவில்லை.

தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சொல்வது சிறிதே. மெல்லிய ஊசிகள் சில, வெள்ளை, கறுப்பு, பழுப்பு நிறப் பருத்தி நூற்கண்டுகள், கூரான சிறு கத்தரிக்கோல், விரலில் மாட்டும் அங்குஸ்தான், பழைய சட்டைகளிலிருந்து அறுத்தெடுத்த பொத்தான்கள் ஒரு டப்பி, இவை போதும். வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தலையணை உறையில் தொடங்குங்கள், பட்டில் தொடங்காதீர்கள். பூட்டி வைத்த பட்டு எவரிடமேனும் இருந்தால், இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதன் மடிப்பை மாற்றி வையுங்கள். தையல் தெரியாதவர்களும் அதைச் செய்யலாம். எங்களுக்கு அதை உரிய காலத்தில் சொல்வாரில்லை.

போர்வை இன்னும் முடியவில்லை. பாதிக்கு மேல் ஆகியிருக்கிறது. அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. தைக்கக் கை வருகிறது. ஊசியின் காதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே பேத்தி கல்லூரிக்குப் புறப்படுமுன், நாள்தோறும் ஏழு ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போகிறாள். மாலையில் அவள் திரும்பும்போது ஏழும் காலியாக இருக்கும்.